மாயக் குன்றின் மாளிகை

வீடு என்பது யாது? சுவரும் கூரையும் கதவும் பலகணியும் அமைந்த கட்டடமா? அன்றி, அதனுள் ஒருவர்க்கொருவர் துணையாய் வாழும் மாந்தரா? இல்லத்தைப் பற்றியும் இல்லத்தாரைப் பற்றியும் பேசி வரும் இப்பகுதியில், இம்மாதம் வாசக அன்பர்களை நாம் ஒரு மாளிகைக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறோம். அங்கு மொத்தம் 165 அறைகள் உள்ளன. ஆயினும் அங்கே குடியிருப்போர் எவரும் இலர். காலையில் கதவு திறக்கப்படும். நுழைவுச் சீட்டு வாங்கியோர் கூட்டங் கூட்டமாகச் சுற்றி வருவர். மாலையில் கதவு அடைக்கப்படும். உலகின் செல்வங்களையெல்லாம் ஒரு குன்றின் உச்சியிலே குவித்து வைத்த அவ்விடத்தில் நாம் காணவிருப்பவை, செல்வத்தைப் பற்றி மட்டுமன்று, திருக்கோவிலைப் பற்றியும் குடும்பத்தைப் பற்றியும் நமக்குச் சிலவற்றை உணர்த்தக்கூடியவை.

புனிதர் பெயர் தாங்கிய மலைகள்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில், லாஸ் ஏஞ்சலஸ் நகருக்கும் சான் பிரான்சிஸ்கோ நகருக்கும் ஏறத்தாழ நடுவழியில், பசிபிக் பெருங்கடலை ஒட்டியுள்ள சிற்றூர் சான் சிமியோன். அதன் பின்னே எழும் மலைத்தொடருக்குச் சாந்தா லூசியா என்று பெயர். பாலகன் இயேசுவைக் கையில் ஏந்திய முதியவர் சிமியோன், கண்ணொளி வேண்டுவோர் மன்றாடும் புனித லூசியா ஆகியோரின் பெயர்களை இம்மலைகளுக்கும் கரைகளுக்கும் இட்டவர்கள் ஸ்பானியர்கள். அவர்கள் வருமுன்னரே சலினன் என்னும் பழங்குடி மக்கள் இப்பகுதியில் வேட்டையாடியும் ஓக் மரத்தின் கொட்டைகளை மாவாக்கி உண்டும் வாழ்ந்து வந்தனர் என்பதையும் நாம் மறத்தலாகாது.

1771-ஆம் ஆண்டில் பிரான்சிஸ்கன் துறவியாகிய ஜூனிப்பெரோ செரா, இம்மலைகளுக்கு அப்பாலுள்ள பள்ளத்தாக்கில் புனித பதுவை அந்தோனியார் பெயரால் ஒரு மறைப்பணித் தளத்தை நிறுவினார். 2015-ஆம் ஆண்டில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். 1797-இல் அதிதூதர் மிக்கேல் பெயரால் மற்றொரு தளம் எழுந்தது. இன்று மாளிகை நிற்கும் குன்றும் அதனைச் சூழ்ந்த மேய்ச்சல் நிலமும் அந்த மிக்கேல் தளத்துக்கு உரியவையாக இருந்தன. பின்னர் 1830-களில் மெக்சிகோ அரசு மறைப்பணித் தளங்களின் நிலங்களைத் துறவியரிடமிருந்து பிரித்துத் தனியாருக்கு வழங்கியது. பழங்குடியினரிடமிருந்து தளத்துக்கும், தளத்திலிருந்து பண்ணையாருக்கும் கைமாறிய அந்நிலம், 1865-இல் ஜார்ஜ் ஹெர்ஸ்ட் என்னும் செல்வரின் கைக்கு வந்தது. வெள்ளி, தங்கம், செம்புச் சுரங்கங்களால் பெரும் பொருள் ஈட்டியவர் அவர்.

தாயும் மகனும்

ஜார்ஜ் ஹெர்ஸ்டின் மனைவி ஃபீபி ஹெர்ஸ்ட் கல்வியில் பெருநாட்டம் கொண்ட அம்மையார். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக் குழுவில் இடம் பெற்ற முதற் பெண்மணி அவரே. அவருக்கு ஒரே மகன். பெயர் வில்லியம் ராண்டால்ப். 1863-இல் பிறந்த அச்சிறுவனுக்குப் பத்து வயதானபோது, தாய் அவனை ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்றார். ஓராண்டுக்கும் மேலாக அவ்விருவரும் அரண்மனைகளையும் பேராலயங்களையும் கலைக்கூடங்களையும் கண்டு திரிந்தனர். அந்தப் பயணம் சிறுவனின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. கண்டவை அனைத்தையும் தனதாக்கிக் கொள்ளவேண்டும் என்னும் வேட்கை அன்றே முளைவிட்டது எனலாம்.

ஒரு குழந்தை அழகிய பொருளைக் கண்டு வியப்பது இயல்பு. அது வேண்டும் என்று கை நீட்டுவதும் இயல்பு. வியத்தலுக்கும் விழைதலுக்கும் உள்ள வேற்றுமையைக் கற்றுத் தருவது பெற்றோரின் பெருங்கடமை. ஃபீபி அம்மையார் இதனைக் கற்பிக்கத் தவறினார் என்று கூற நமக்கு உரிமையில்லை. அவருடைய செல்வத்தின் பெரும்பகுதி பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் சென்றது. எனினும் ஒரே வீட்டில், ஒரே மேசையில் உண்டு வளரும் பிள்ளையும் தாயின் நாட்டத்தில் ஒரு பாதியை எடுத்துக்கொண்டு மறுபாதியை விட்டுவிடக்கூடும் என்பதை, பிள்ளை வளர்த்த பெற்றோர் நன்கு அறிவர்.

மகன் செய்தித்தாள் தொழிலில் இறங்கினார். 1887-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு நாளிதழ், 1895-இல் நியூயார்க்கில் மற்றொன்று எனத் தொடங்கி, இருபதுக்கும் மேற்பட்ட நாளிதழ்களுக்கும் பல வார, மாத இதழ்களுக்கும் உரிமையாளரானார். பரபரப்பூட்டும் செய்திகளைப் பெரிய எழுத்துக்களில் வெளியிடும் 'மஞ்சள் பத்திரிகை' முறையில் முன்னின்றவர் அவர். உண்மையைக் காட்டிலும் விற்பனையை முன்வைத்த அம்முறையால் விளைந்த தீங்கு சிறிதன்று.

1919-ஆம் ஆண்டில் ஃபீபி அம்மையார் அன்று உலகெங்கும் பரவிய இன்புளுயன்சா காய்ச்சலுக்கு இரையானார். நிலம் மகனுக்கு வந்தது. குடும்பத்தார் கோடையில் கூடாரம் அடித்துத் தங்கி மகிழ்ந்த குன்று அது. கூடாரத்தில் தங்கிச் சலித்துவிட்டதால், சற்று வசதியாகத் தங்க எளிய வீடொன்று வேண்டும் என்று அவர் கட்டடக் கலைஞர் ஒருவரிடம் கூறினாராம். அந்த 'எளிய வீடு' 28 ஆண்டுகள் வளர்ந்து கொண்டே போயிற்று.

அடக்கமே உருவான ஒரு பெண்மணி

அந்தக் கட்டடக் கலைஞரின் பெயர் ஜூலியா மார்கன். 1872-இல் பிறந்தவர். பாரிஸ் நகரத்தின் புகழ்பெற்ற நுண்கலைக் கல்லூரியில் கட்டடக் கலை பயில அனுமதி பெற்ற முதற் பெண் அவரே. பெண்களுக்கு இடமில்லை என்று மறுக்கப்பட்டும் மனந்தளராது முயன்று 1902-இல் சான்றிதழ் பெற்றார். 1904-இல் கலிபோர்னியாவில் கட்டடக் கலைஞராக உரிமம் பெற்ற முதற் பெண்மணியும் ஆனார். அவ்வாண்டிலேயே மகளிர் கல்லூரி ஒன்றுக்கு இரும்புக் கம்பி பொதிந்த கான்கிரீட்டினால் மணிக்கூண்டு ஒன்றைக் கட்டினார். 1906-இல் சான் பிரான்சிஸ்கோ பகுதியைப் பேரளவில் அழித்த நிலநடுக்கத்தில் அம்மணிக்கூண்டு அசையாது நின்றது. அவர் பெயரும் நிலைபெற்றது.

வார நாட்களில் சான் பிரான்சிஸ்கோ அலுவலகத்தில் பணி. வார இறுதியில் இரவு இரயிலேறிச் சான் லூயிஸ் ஒபிஸ்போ சென்று, அங்கிருந்து வாடகைக் காரில் கரடுமுரடான சாலை வழியே குன்றை அடைவார். அங்கே நாள் முழுதும் சாரங்களில் ஏறி இறங்கி வேலையைச் சோதித்துவிட்டு மீண்டும் இரயில். பல ஆண்டுகள் இவ்வாறே கழிந்தன. சிமெண்டும் மரமும் இரும்பும் கப்பல்களில் வந்து, மலைச்சாலை வழியே மேலே ஏற்றப்பட்டன. தோட்டத்துக்கு வேண்டிய மண்கூடக் கீழிருந்து சுமந்து செல்லப்பட்டது. உரிமையாளரோ மனம் மாறிக்கொண்டே இருந்தார். எழுப்பிய கோபுரங்களின் தோற்றத்தை மாற்றச் சொன்னார்; பெரிய நீச்சற்குளம் மும்முறை மாற்றிக் கட்டப்பட்டது. ஜூலியா மார்கன் முகஞ்சுளிக்கவில்லை. தம் பெயர் செய்தித்தாளில் வருவதை விரும்பாத அவர் தம் வாழ்நாளில் 700-க்கும் மேற்பட்ட கட்டடங்களை அமைத்தார். 1957-இல் அவர் மறைந்தார். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகத்தின் தங்கப் பதக்கம் 57 ஆண்டுகள் கழித்து, 2014-இல்தான் அவருக்கு அளிக்கப்பட்டது. அப்பதக்கத்தைப் பெற்ற முதற் பெண்மணி அவரே. 2003-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் சான் சிமியோன் அருகே 6.5 அளவில் நிலம் நடுங்கியபோது, மாளிகை பெருஞ்சேதமின்றித் தப்பியது. உழைத்தவரின் நேர்மைக்கு அதனினும் வேறு பதக்கம் வேண்டுமோ?

மாளிகைக்குள்

இனி மேலே ஏறுவோம். அடிவாரத்தில் வண்டிகளை நிறுத்திவிட்டுப் பேருந்தில் ஏறவேண்டும். வளைந்து வளைந்து செல்லும் ஏறத்தாழ ஐந்து மைல் சாலை. மேய்ச்சல் நிலத்தில் மாடுகளோடு வரிக்குதிரைகள் மேய்வதைக் காணும் வாய்ப்பும் உண்டு. ஒரு காலத்தில் சிங்கம், கரடி, ஒட்டகச்சிவிங்கி, யானை முதலியவற்றோடு உலகிலேயே தனியார் வைத்திருந்த மிகப் பெரிய விலங்குக் காட்சிச்சாலையாகத் திகழ்ந்ததன் எச்சமே அவ்வரிக்குதிரைகள்.

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 அடி உயரத்தில் குன்றின் உச்சி. ஹெர்ஸ்ட் அதற்கு இட்ட ஸ்பானியப் பெயரின் பொருள் 'மாயக் குன்று' என்பதாகும். அவர் தம் பேச்சில் அதனைப் 'பண்ணை' என்றே குறிப்பிடுவாராம். நடுவே 115 அறைகள் கொண்ட பெரிய மாளிகை. அதனைச் சுற்றி விருந்தினர்க்கென மூன்று மனைகள். பெரிய மாளிகையின் முகப்பைக் காணும் கத்தோலிக்கர் எவரும் ஒரு கணம் திகைப்பர். கைகள் தாமாகவே சிலுவை அடையாளம் வரைய எழும். ஏனெனில் அது வீட்டின் முகப்பாக இல்லை. இரட்டைக் கோபுரங்களோடு பேராலயத்தின் முகப்பாகவே நிற்கிறது. ஸ்பெயின் நாட்டு ரோண்டா நகரத்தில் உள்ள அன்னை மரியாளின் ஆலயக் கோபுரத்தைக் கண்டே இக்கோபுரங்கள் வரையப்பட்டன. கோபுரங்களுள் மணிகளும் உண்டு. ஆனால் உள்ளே பீடமில்லை, பேழையில்லை, அணையா விளக்கில்லை.

உள்ளே சென்றால் இன்னும் வியப்பு. உணவுக்கூடம் ஒரு துறவு மடத்தின் உணவறையைப் போன்றே நீண்டு உயர்ந்து நிற்கிறது. சுவர் ஓரமாகக் கரிய மரத்தில் செதுக்கப்பட்ட இருக்கைகள். அவை ஸ்பெயின் நாட்டுக் கட்டலோனியாப் பகுதியின் பேராலயம் ஒன்றில் குருக்கள் அமர்ந்து நாள்தோறும் கட்டளைச் செபம் சொல்வதற்கென நடுக்காலத்தில் செய்யப்பட்டவை. மேலே இத்தாலியின் சியன்னா நகரத்துப் பட்டுக் கொடிகள் தொங்குகின்றன. நீண்ட மேசையின்மீது வெள்ளிப் பாத்திரங்கள். அவற்றின் நடுவே தக்காளிச் சாறும் கடுகுக் குழம்பும் அடைத்த சாதாரணக் கடைப் புட்டிகள், தாள் கைக்குட்டைகள்! பண்ணை வாழ்க்கையின் எளிமை மாறலாகாது என்று உரிமையாளர் அவ்வாறே வைக்கச் செய்தாராம். சங்கீதங்கள் முழங்கிய இருக்கைகளின் நிழலிலே திரைப்பட நடிகரும் அரசியலாரும் விருந்துண்டனர். 1929-இல் வின்ஸ்டன் சர்ச்சிலும், 1933-இல் பெர்னாட் ஷாவும் இங்கு வந்து தங்கியவர்கள்.

மாடியில் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட நூல்கள் கொண்ட நூலகம். அதன் அடுக்குகளின்மேல் பழங்கிரேக்க மட்கலங்கள். அதற்கும் மேல் உரிமையாளரின் படுக்கையறை. அங்கே இத்தாலிய ஓவியர் டூச்சோவின் பள்ளியைச் சார்ந்த, ஏறத்தாழ 700 ஆண்டுப் பழைமையுள்ள, அன்னையும் பாலகனும் காட்சி தரும் படம். வெளியே வந்தால் 3,45,000 காலன் நீர் கொள்ளும் நெப்டியூன் குளம், பழைய உரோமைக் கோவிலின் தூண்களோடு பளிங்கில் ஒளிர்கிறது. கட்டடத்துக்குள்ளே இன்னொரு குளம். அதன் சுவரிலும் தரையிலும் நீலமும் பொன்னுமாய்ப் பதிக்கப்பட்ட கண்ணாடித் துண்டுகள், ரவென்னா நகரத்தில் அரசி கல்லா பிளாசிதியாவின் நினைவாலயத்தில் உள்ள ஐந்தாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ ஓவியங்களின் மாதிரியைத் தழுவியவை.

ஒரு நேர்மையான வினா

இதனைக் காணும் நம் உள்ளத்தில் சினமும் எழலாம். ஆண்டவருக்கென அளிக்கப்பட்ட பொருட்கள் ஒரு செல்வரின் விருந்து மண்டபத்துக்கு அழகூட்டுவதா? ஆயினும் தீர்ப்புச் சொல்லுமுன் முழுச் செய்தியையும் அறிதல் நேர்மை. இப்பொருட்களை ஹெர்ஸ்ட் கொள்ளையிட்டு வரவில்லை. விலை கொடுத்தே பெற்றார். அவற்றை விற்றவர்களும் இருந்தனர். 1830-களில் ஸ்பெயின் அரசு துறவு மடங்களை மூடி, அவற்றின் உடைமைகளை ஏலம் விட்டது. மடங்கள் களஞ்சியங்களாகவும் தொழுவங்களாகவும் மாறின. பின்னாளில் வறுமையுற்ற பங்குகள் கூரை செப்பனிடப் பணமின்றிப் பழைய பொருட்களை விற்றதும் உண்டு; பழைமையின் அருமை அறியாது விற்றதும் உண்டு. கறையானுக்கும் மழைக்கும் இரையாகி இருக்கக்கூடிய பல பொருட்கள், இம்மாளிகையில் காக்கப்பட்டதால் இன்றும் உள்ளன என்பது உண்மை. அவை எதற்காகச் செய்யப்பட்டனவோ அதனை இழந்து நிற்கின்றன என்பதும் உண்மையே. இரண்டையும் ஒருங்கே ஏற்பதுதான் அறிவுடைமை.

1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு இப்பொருள் குறித்துத் தெளிவாகப் பேசுகிறது. இறைவழிபாட்டுக்கென நேர்ந்தளிக்கப்பட்டோ மந்திரிக்கப்பட்டோ ஒதுக்கப்பட்ட பொருட்கள், தனியாருக்கு உரியவையாக இருந்தாலும், உலகப் பயன்பாட்டுக்கோ தகாத பயன்பாட்டுக்கோ உட்படுத்தப்படலாகாது என 1171-ஆம் சட்டம் விதிக்கிறது. கலையாலோ வரலாற்றாலோ விலைமதிப்புடைய பொருட்களைக் கைமாற்றத் திருப்பீடத்தின் அனுமதி வேண்டும் என 1292-ஆம் சட்டம் கூறுகிறது. தொலைநாட்டு மாளிகைக்கு மட்டும் உரிய செய்தியன்று இது. பழைய ஆலயத்தை இடித்துப் புதியது எழுப்பும் பங்குகள் எங்கும் உள்ளன. பழைய மரப்பீடமும் செதுக்கிய கதவும் நன்மைக் கிராதியும் யாருக்கும் வேண்டாதவையாக ஒரு மூலையில் கிடக்கும்போது, நல்ல விலை தருவதாகச் சொல்லி ஒருவர் வரக்கூடும். நம் பாட்டனார் முழந்தாளிட்டு நன்மை வாங்கிய கிராதி எங்கே போயிற்று என்று நம் பேரப்பிள்ளைகள் கேட்டால் விடை சொல்லும் நிலையில் நாம் இருக்கவேண்டும் அன்றோ?

நிறைவு பெறாத வீடு

மாளிகைக்கு மீள்வோம். இத்தனை அறைகளிலும் வாழ்ந்தவர் யார்? ஹெர்ஸ்டுக்கு மனைவியும் ஐந்து ஆண் மக்களும் இருந்தனர். ஆயினும் 1920-களின் நடுவிலிருந்து மனைவி மில்லிசென்ட் அம்மையார் பெரும்பாலும் நியூயார்க்கிலேயே தனித்து வாழ்ந்தார். குன்றின் மாளிகையில் விருந்தினரை வரவேற்றவர் திரைப்பட நடிகை மேரியன் டேவிஸ். பிறர் வாழ்வின் உள்ளறைகளைத் துருவுவது நம் நோக்கமன்று. விருந்தினரால் நிறைந்திருந்த வீட்டில் குடும்பம் பிளவுபட்டிருந்தது என்ற அளவோடு நிறுத்துவோம். ஐம்பது பேர் அமர்ந்து படம் பார்க்கத் தனித் திரையரங்கு இருந்தது. ஒரு குடும்பம் முழுவதும் அமர்ந்து உண்ணும் மேசை அமையவில்லை.

1937-இல் பெருங்கடன் அவரைச் சூழ்ந்தது. கடன் 12 கோடி டாலருக்கும் மேல் எனக் கணக்கிடப்பட்டது. கட்டட வேலை நின்றது. விலங்குகள் பிறரிடம் சென்றன. சேர்த்த கலைப்பொருட்களில் பெரும்பகுதி விலைக்கு வந்தது. 1941-இல் நியூயார்க்கின் பல்பொருள் அங்காடி ஒன்றில், துணிமணிகளும் வீட்டுச் சாமான்களும் விற்கும் தளங்களுக்கிடையே, அவருடைய நடுக்காலக் கவசங்களும் ஓவியங்களும் விலைச்சீட்டுத் தொங்க வைக்கப்பட்டன. போர் முடிந்தபின் வேலை சிறிது தொடர்ந்தது. 1947-இல் இருதய நோயுற்ற அவர், மருத்துவர் அருகிலேயே இருக்கவேண்டி, தமது 84-ஆம் வயதில் குன்றைவிட்டு இறங்கினார். அதன்பின் அவர் அங்குத் திரும்பவே இல்லை. 1951-ஆம் ஆண்டு ஆகஸ்டு 14-ஆம் நாள் பெவர்லி ஹில்ஸ் நகரில் காலமானார். மாளிகையின் வடபுறத்தில் பூசப்படாத கான்கிரீட் சுவர் இன்றும் அப்படியே நிற்கிறது. களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட எண்ணிய செல்வனைப் பற்றி நம் ஆண்டவர் சொன்ன உவமை, அச்சுவரின் எதிரே நிற்போர் நினைவுக்கு வாராமற் போகாது.

ஒருவரின் உடைமை, அனைவரின் சொத்து

இங்கே கதை முடிந்திருந்தால் அது வெறும் எச்சரிக்கையாகவே இருந்திருக்கும். ஆனால் 1957-இல் ஹெர்ஸ்ட் நிறுவனம் மாளிகையைக் கலிபோர்னியா மாநிலத்துக்கு நன்கொடையாக வழங்கியது. மகன் நினைவாகவும், அவர் உள்ளத்தில் கலையார்வத்தை மூட்டிய தாய் நினைவாகவும் அது அளிக்கப்பட்டது. 1958-இல் பொதுமக்களுக்குக் கதவு திறந்தது. அழைப்புப் பெற்ற சிலரே நுழைந்த கூடங்களில், தச்சரும் ஆசிரியரும் உழவரும் தம் பிள்ளைகளின் கைப்பிடித்து நடக்கின்றனர். ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் வருகின்றனர். 1976-இல் அது தேசிய வரலாற்றுச் சின்னமாயிற்று. 2020-இல் கொள்ளை நோயினாலும், பின்னர் புயல் மழையில் மலைச்சாலை சிதைந்ததாலும் மூடப்பட்டிருந்த மாளிகை, 2022-ஆம் ஆண்டு மே மாதம் மீண்டும் திறக்கப்பட்டது.

பொதுவுடைமையானபின் ஒரு நீதியும் நிகழ்ந்தது. 1935-இல் ஜெர்மனியில் நாசிகளின் கொடுமையால் யூதர்களாகிய ஜேக்கப், ரோசா ஓப்பன்ஹைமர் தம்பதியரின் கலைப்பொருட்கள் கட்டாய ஏலத்துக்கு வந்தன. அவற்றுள் மூன்று ஓவியங்கள் ஹெர்ஸ்டின் கைக்கு வந்து சேர்ந்தன. கணவர் நாடு கடந்து வாழ்ந்து இறந்தார்; மனைவி வதை முகாமில் உயிர் துறந்தார். 2009-இல் கலிபோர்னியா அரசு இரண்டு ஓவியங்களை அவர்தம் வழித்தோன்றல்களுக்குத் திருப்பி அளித்தது. மூன்றாவது ஓவியத்தை, அதன் கதையை வருவோர்க்கு எடுத்துரைப்பதற்கென, வழித்தோன்றல்களின் இசைவுடன் மாளிகையிலேயே வைத்துக்கொண்டது. விலை கொடுத்து வாங்கியது என்னும் ஒன்றே ஒரு பொருளை நேரிய முறையில் நம்முடையதாக்கிவிடாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. பாகப்பிரிவினையில் ஏழை உடன்பிறப்பின் பங்கைக் குறைந்த விலைக்கு எழுதி வாங்கிய குடும்பங்களும் இதனைச் சிந்திக்கலாம்.

வழிதேடிச் சென்ற கற்கள்

இறுதியாக, குன்றை வந்தடையாத இரு துறவு மடங்களின் வரலாற்றைச் சொல்லவேண்டும்.

ஸ்பெயினில் செகோவியா அருகே சக்ரமேனியாவில் 1141-இல் நிறுவப்பட்ட சிஸ்டர்சியன் மடம், ஏறத்தாழ 700 ஆண்டுகள் செபத்தின் இல்லமாக விளங்கியது. 1925-இல் ஹெர்ஸ்ட் அதன் கட்டடங்களை விலைக்கு வாங்கினார். கற்கள் ஒவ்வொன்றாகக் கழற்றப்பட்டு, எண் இடப்பட்டு, வைக்கோல் பொதிந்த 11,000 பெட்டிகளில் அமெரிக்கா சென்றன. அவ்வேளையில் செகோவியாவில் மாடுகளுக்குக் கோமாரி நோய் பரவியிருந்ததால், துறைமுகத்தில் பெட்டிகளைத் திறந்து வைக்கோலை எரித்தனர். மீண்டும் அடுக்கியபோது கற்கள் பெட்டி மாறிப்போயின. 26 ஆண்டுகள் அவை புரூக்ளின் கிடங்கில் உறங்கின. வாங்கியவர் இறந்தபின் 1952-இல் வேறு இருவர் அவற்றைப் பெற்று, 19 மாதம் உழைத்துப் புளோரிடாவில் எழுப்பினர். இன்று அங்கே எப்பிஸ்கோப்பல் சபையினர் வழிபாடு நடத்துகின்றனர்.

மற்றொன்று தாஜோ ஆற்றங்கரையில் 1181-இல் எழுந்த ஓவிலா மாதா மடம். 1931-இல் ஹெர்ஸ்ட் அதனையும் வாங்கினார். வட கலிபோர்னியாவில் அவர் கட்ட நினைத்த வேறொரு மாளிகையில், அம்மடத்தின் ஆலயத்தை நீச்சற்குளத்துக்கு மண்டபமாக்கத் திட்டமிட்டார். அதற்குள் பணமுடை வந்தது, மாளிகை எழவில்லை. 1941-இல் கற்கள் சான் பிரான்சிஸ்கோ நகராட்சிக்குச் சென்றன. அருங்காட்சியகம் கட்டும் எண்ணமும் கைகூடவில்லை. பூங்காவின் ஒரு மூலையில் மழையிலும் பனியிலும் கிடந்த அப்பெட்டிகளைத் தீ பலமுறை பற்றியது. சிதறிய கற்கள் தோட்டச் சுவர்களுக்குப் பயன்பட்டன.

1955-இல் கலிபோர்னியாவின் வைனா என்னும் ஊரில் புதிதாகத் தொடங்கிய டிராப்பிஸ்டு மடத்துக்குச் செல்லும் வழியில், இளந்துறவி ஒருவர் அக்கற்களைக் கண்டார். ஓவிலாவைக் கட்டியதும் சிஸ்டர்சியன் சபை; டிராப்பிஸ்டுகளும் அதே குடும்பத்தின் கிளையினர். நம் முன்னோரின் வீடு இங்கே கிடக்கிறதே என்று அவருள்ளம் உருகிற்று. அன்று முதல் அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து, 1994-இல் நகராட்சி இசைந்தது. லாரிகளில் கற்கள் வைனாவுக்குச் சென்றன. கற்கொத்தர்கள் பல ஆண்டுகள் உழைத்து, துறவியர் ஒன்றுகூடும் பழைய மண்டபத்தை மீண்டும் எழுப்பினர். இன்று அந்த 800 ஆண்டுக் கற்களிடையே துறவியரின் செபக்குரல் மீண்டும் ஒலிக்கிறது.

கோடி கொட்டியும் செல்வரால் எழுப்ப முடியாத சுவர்களைக் காசற்ற துறவியர் எழுப்பினர். செல்வர்க்கு அக்கற்கள் அழகிய உடைமை. துறவியர்க்கோ குடும்பத்தின் வீடு. அன்பர்களே, நம் வீட்டில் உள்ளவற்றையும் இந்த அளவுகோலால் ஒருமுறை அளந்து பார்க்கலாம். பாட்டி விட்டுச் சென்ற செபமாலை கண்ணாடிப் பெட்டியில் அழகுக்காகத் தொங்குகிறதா, மாலையில் யாரேனும் கையில் எடுக்கிறார்களா? வாங்கிய பெரிய உணவு மேசையில் குடும்பத்தார் அனைவரும் வாரத்துக்கு ஒருமுறையேனும் சேர்ந்து அமர்கிறார்களா? விருந்தினர்க்கென்றே பூட்டிவைத்த அறையில், இடமின்றித் தவிக்கும் உறவினர் எவரேனும் ஓரிரவு உறங்கியதுண்டா? 165 அறைகளைக் கட்டி முடிக்க இயலாது ஒருவர் குன்றைவிட்டு இறங்கினார். இரண்டே அறை கொண்ட நம் இல்லம், அதனுள் வாழ்வோர் ஒருவர்க்கொருவர் பயன்படும் நாளெல்லாம் நிறைவு பெற்ற இல்லமே.